காலி நாற்காலிகளும் கடன் ஸ்பூன்களும்

விளையாட்டு விழா நடத்துகிறவனுக்கு மழையைவிட, வெயிலைவிட, காலி நாற்காலியிடம்தான் பயம் அதிகம். ஊர்ச் சங்கத்தில் செயலாளர் என்று ஒரு பதவியில் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புனேயில், கட்கி வட்டாரத் தமிழர்களின் ஆண்டு விளையாட்டு விழாவை நான் நடத்திய காலம் அது. மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டு மைதானத்துக்கு அனுமதி தரும் அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். மைதானம் எல்லாருக்கும் பொது. விழாவன்று நேரில் வந்து பார்ப்பார். தமிழர் மட்டும் உட்கார்ந்திருந்தால் அடுத்த வருடம் மைதானம் கிடையாது. வேறு மைதானம் எங்களுக்கு இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்டர் தேவை

முதலில் வேலை செய்ய ஆள் வேண்டும். 'தொண்டர்கள் தேவை' என்று என் கையாலேயே எழுதி, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினேன். ஒரு காலத்தில் கோயில் வாசலைப் பெருக்கியவர்களைக் குறித்த அழகான சொல். நம் காலத்தில் அது கொடி பிடிக்கப் போய்விட்டது என்பதை மறந்துவிட்டேன்.

ஒருவரும் வரவில்லை. இளவட்டங்களுக்குத் தமிழ் படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர்கள் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஏழுமலையை பஸ் ஸ்டாப்பில் மடக்கி, காரணம் கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், நான் சர்க்கார் ஆளு. எந்தக் கட்சிக்குத் தொண்டனா போனாலும் என் சீட்டு கிழிஞ்சிடும் சார்!"

மைக் பயம்

நோட்டீஸைக் கிழித்து, 'ஹெல்ப்புக்கு ஆள் வேணும்' என்று மனம் நொந்து எழுதினேன். தமிழ், ஹிந்தி, மராத்தி மூன்றிலும். ஏழுமலை தன் ஷிஃப்ட் ஆட்களையே திரட்டிவிட்டார். அடுத்து கோந்த்வாவில் குடைக்கடை வைத்திருக்கும் ஹமீது பாயிடம் போனேன். திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். நம் விழா என்றால் முன்பு தவறாமல் வருவார். மூன்று வருடமாக ஆளைக் காணோம்.

எங்கள் ஆட்களில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்களோ என்று எனக்குக் கவலை. டீ வரவழைத்துக் கொடுத்தார். இரண்டாவது டீயில்தான் காரணத்தைச் சொன்னார்: "கடைசியா வந்தப்ப நாலு வார்த்தை பேசுங்கன்னு மைக்கைத் தந்துட்டியளே சார், கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடிப் போச்சு. கயிறு இழுக்கச் சொல்லுங்க, கல்லு சுமக்கச் சொல்லுங்க, செய்யுதேன். மைக்கை மட்டும் என் கையில தந்துராதீங்க."

ஸ்பூன் உபாயம்

மராத்திக்காரர்களை எப்படி வரவழைப்பது? பக்கத்து வீட்டுக் குல்கர்ணி காகூ (காகூ என்றால் அங்கே சித்தி) ஒரே கேள்வியில் என்னை மடக்கினார்: "அண்ணா, ஓடுறதுல எங்களுக்குத் தெரிஞ்ச முகமே இல்லையே, யாருக்காகக் கத்தறது?"

பயம் புத்தியைக் கூராக்கும் போலும். அவர் வீட்டு எவர்சில்வர் ஸ்பூனை, எலுமிச்சைப் போட்டிக்காகக் கடன் கேட்டேன். பிறகு அந்தத் தெருவில் வீடு விடாமல் ஆளுக்கொரு ஸ்பூன். மூன்று வீட்டில் நாற்காலியும்.

விழா நாள் காலை மைதானத்தில் நானும் காக்கைகளும். அப்போது கேட் வழியாகத் தெருவே வந்தது, குல்கர்ணி காகூ தலைமையில். ஓடோடிப் போய் வணங்கினேன். அவர் கண்கள் மேஜையில் தேடின: "உங்க விழாவைப் பாக்க வரலை அண்ணா, என் ஸ்பூன் எங்கே?"

பள்! பள்!

கடைசியாக நானூறு மீட்டர். அதிகாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், சிரிப்பே இல்லாமல். மகர்பட்டாவில் வேலைக்கு வந்து இரண்டே மாதமான திருநெல்வேலிப் பையன் முருகேசன் முதலில் வந்துகொண்டிருந்தான். ஸ்பூன்காரர்களுக்குத் தெரிந்த முகம் கிடைத்துவிட்டது. காலையில் அவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவன் அவன்தான். மொத்தக் கூட்டமும் எழுந்து "பள்! பள்!" என்று கத்தியது. மராத்தியில் 'பள்' என்றால் ஓடு.

முருகேசன் காதில் அது 'பள்ளம்' என்று விழுந்திருக்கிறது. மழைக்காலம் முடிந்த மைதானம். முதல் நாள் சாயங்காலம்தான் குழிகளில் மண்ணைக் கொட்டியிருந்தோம். பையன் சட்டென்று நின்று, காலுக்குக் கீழே பார்த்தான். கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது. அவன் ஓரடி பின்வாங்கினான். அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். தமிழர் மராத்தியர் சண்டை என்று நினைத்திருப்பார். போயிற்று மைதானம் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த நிலையிலும் மனசு, மராத்தியில் ளகரம் எவ்வளவு சுத்தம் என்று ரசித்துத் தொலைத்தது.

என் கையிலிருந்த மைக்கை யாரோ பிடுங்கினார்கள். ஹமீது பாய்! "ஏல முருகேசா, பள்ளமும் இல்ல, கிள்ளமும் இல்ல! ஓடுன்னு சொல்லுதாங்கல! ஓடுல!"

முருகேசன் ஓடினான். மூன்றாவதாகத்தான் வந்தான், ஆனால் குல்கர்ணி காகூ இரு கையிலும் ஸ்பூனைத் தட்டிக்கொண்டு கூடவே ஓடினார். விஷயத்தைக் கேட்டறிந்த அதிகாரி, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: "அடுத்த வருஷமும் இங்கேயே வெச்சுக்கோங்க, அதுக்குள்ள அந்தப் பையனுக்கு நாலு வார்த்தை மராத்தி கத்துக்குடுங்க."

முன்பெல்லாம் யாருமே வரமாட்டார்களோ என்று பயந்துகொண்டிருந்த நான், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், ஹமீது பாயிடமிருந்து மைக்கை எப்படித் திரும்ப வாங்குவது என்று பயப்பட ஆரம்பித்தேன்.