கண்கட்டு வகுப்பு

பி.எட். முடித்தும் பள்ளிக்கூட வேலை அமையாமல் இருந்த பூங்கோதைக்கு, விருத்தாசலம் பாலக்கரை பக்கம் ஒரு நினைவாற்றல் பயிற்சி மையத்தில் வேலை கிடைத்தது. செல்போன் கடைக்கு மேல் மாடி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். தட்டு நிறையப் பொருள்களை வைத்துக் காட்டி, மூடிவிட்டு, என்னென்ன இருந்தது என்று கேட்பாள். ஊர்ப் பெயர்களை ஒரு கதையாகக் கோத்து மனதில் நிறுத்தச் சொல்வாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்றார்கள். அதிலெல்லாம் பொய் எதுவும் இல்லை.

கண்கட்டு வகுப்பு அப்படியில்லை. மையத்தை நடத்திய குருமூர்த்தி சென்னையில் எங்கோ பயிற்சி எடுத்து வந்து அதைத் தொடங்கினார். மூளையின் நடுப்பகுதி விழித்துக்கொண்டால் பிள்ளைகள் கண்ணைக் கட்டியபடியே நிறம் சொல்வார்கள், படிக்கவும் செய்வார்கள் என்று பெற்றோருக்கு விளக்கினார். பூங்கோதைக்கு விஷயம் சீக்கிரமே விளங்கிவிட்டது. துணிக்கும் மூக்குக்கும் நடுவே சிறிய சந்து இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் தலையைச் சற்றுத் தூக்கி, அது வழியாகப் பார்த்துச் சொன்னார்கள். குருமூர்த்தி கவனிக்காதது போல இருந்தார். அவளும் அப்படியே இருந்தாள்.

கயல்விழி என்ற ஏழு வயதுப் பெண் மட்டும் பார்க்கவில்லை. துணி கட்டினால் உள்ளே கண்களை இறுக மூடிக்கொள்வாள். வண்ண அட்டையைக் கையில் கொடுத்தால் வெகுநேரம் தடவிவிட்டு, தெரியவில்லை என்பாள்.

அவளுடைய அம்மா பெரியநாயகிக்கு செராமிக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த களிமண் பொம்மைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பாள். ஷிப்ட் முடிந்து, முழங்கையில் காய்ந்த மண்ணோடு மாடிப்படியில் வந்து காத்திருப்பாள். ஆண்டு விழா நெருங்கியபோது பூங்கோதையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வருகிறதே, தன் பிள்ளைக்கு மட்டும் மூளையில் ஏதாவது குறையா, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமா என்று.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூங்கோதை சொல்லவில்லை. மறுநாள் வகுப்பு முடிந்ததும் கயல்விழியை மட்டும் நிறுத்திக்கொண்டாள். துணியைக் கட்டி, மோவாயைப் பிடித்து மெல்லத் தூக்கினாள்.

"இப்பக் கண்ணத் தெற. மூக்குக்குக் கீழ என்ன தெரியுது?"

"மஞ்ச அட்ட. மிஸ், இப்படிப் பாக்கலாமா?"

"எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க."

விழாவில் கயல்விழி கண்ணைக் கட்டிக்கொண்டு பத்திரிகைத் தலைப்பைப் படித்தாள். விழா நடந்த கல்யாண மண்டபம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் பெரியநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேடையிலிருந்து இறங்கிய குழந்தை நேராகப் பூங்கோதையிடம் வந்து, தான் பார்த்துதான் படித்ததாக அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டாள். பூங்கோதை, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளைக்குத் துணி கட்டப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவளால் அந்தத் துணியைத் தொட முடியவில்லை. பெற்றோரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள். பிடிக்காவிட்டால் போகலாம், தொழிலைக் கெடுக்க வேண்டாம் என்றார் குருமூர்த்தி. அவள் வேலையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெரியநாயகியின் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"கம்பெனியில எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டு வந்துருக்கேன்" என்றாள் பெரியநாயகி. "அப்ப, எம்புள்ள தெரியலன்னு சொன்னதுதான் நெசமா?"

"ஆமாங்க்கா. அவ மட்டுந்தான் நெசம் சொன்னா."

"அவளுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்தது நீங்க."

பெரியநாயகி அவளைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. பூங்கோதை தானாகவே கிளம்பினாள்.

இப்போது அவள் வேப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். மையம் இன்னும் நடக்கிறது. போன மாதம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கயல்விழி அவளைக் கண்டு ஓடி வந்தாள். வளர்ந்திருந்தாள். பெரியநாயகி பையோடு தூரத்திலேயே நின்றுவிட்டாள். தாயிடம் ஒப்புக்கொண்டதை இந்தக் குழந்தையிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் பூங்கோதைக்கு உறைத்தது.

"அன்னிக்கு நான் உனக்குச் சொல்லிக் குடுத்தது தப்பும்மா."

"தப்புன்னு அம்மா சொன்னாங்க மிஸ்" என்றாள் கயல்விழி. பெரியநாயகி கூப்பிட்டாள். பூங்கோதை பிடித்திருந்த கையைக் குழந்தை விடுவித்துக்கொண்டு போனாள். வேப்பூர் பஸ் வந்து நின்றும், பூங்கோதை உடனே ஏறாமல் தலைகுனிந்து நின்றாள்.