வரப்பில் விரித்த சட்டை

ஒரத்தநாடு தாண்டி, அறுத்த வயலோரம் இருப்பவர்கள்: நான், என் மனைவி ஸ்டெல்லா, வாத்து மேய்க்கும் ஒருவர். காலையில் தஞ்சாவூரில் வாங்கிய பீகிள் நாய் மட்டும் இல்லை. தண்ணீர் காட்டலாம் என்று வண்டியை நிறுத்தியதும் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. வீட்டு வாசலில் மகள் அதற்காகக் காத்திருப்பாள்.

"இங்கிலாந்துல முயல் வேட்டைக்கு வளர்த்த ஜாதி. யாரையும் கடிக்காது. ஆனா மூக்குல வாசனை ஏறிட்டா காது கேக்காது" என்றுதான் விற்றவர் சொன்னார். தொலைந்துபோனால் உங்கள் துணியைப் போட்டுவிட்டு அங்கேயே இருங்கள், மோப்பம் பிடித்து வந்துவிடும் என்றும் சொன்னார். அதனால் சட்டையை வரப்பில் விரித்துவிட்டு பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"மண்டை காயுது, எழுந்திரிங்க. போய்த் தேடலாம்" என்கிறாள் ஸ்டெல்லா.

ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். ஆனாலும் நாய் வராமல் நகர மாட்டேன்.

"என்னண்ணே, சட்டைக்குக் காவலா?" என்று வாத்துக்காரர் சிரிக்கிறார்.

நெல் அறுத்த தாளுக்கு மேலே வெள்ளை வால் நுனி ஒன்று ஆடுகிறது. பிறகு கறுப்பு முதுகு, தொங்கும் பழுப்புக் காது. தரையிலிருந்து மூக்கை எடுக்காமல் நேராக வந்து என் சட்டைமேல் படுக்கிறது. வாயெல்லாம் மஞ்சள் கரு.

சிரித்துக்கொண்டிருந்தவர் தன் கூடாரத்துக்கு ஓடுகிறார். காலிக் கூடையோடு திரும்புகிறார்.

"முட்டையைப் பூரா தின்னுருச்சுண்ணே!"

அவரிடம் இருப்பது பட்டன் போன்தான், ஜிபேயில் பணம் அனுப்ப முடியாது. பெட்ரோலுக்கு வைத்திருந்த காசையும் கொடுத்துவிட்டோம். இன்னும் அறுபது ரூபாய் பாக்கி.