மாமா வரவழைத்த கருடன்

அக்காவைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போன விதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். பேசினால் மாமாவுக்குக் கோபம் வரும், அம்மாவுக்கு அழுகை வரும். எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வரிசைக்குக் கரண்டு வந்த புதுசு. மாப்பிள்ளை அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். முதல் தாரம் தவறிப்போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை, சொந்த வீடு. வீடே பூரித்துக் கிடந்தது. அக்காவை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அப்போது இல்லை.

மாப்பிள்ளையின் தாயார் சகுனம் பார்க்கிறவர். பெண் வீட்டு வாசலில் கருடன் தென்பட்டால் அங்கேயே தட்டு மாற்றிவிடுவார் என்று தரகர் சொல்லிவைத்தார். அம்மாவின் தம்பியான என் மாமா சும்மா இருப்பாரா? பாசாரிலிருந்து மீன் குடல் கொண்டுவந்து, தினமும் கூரையில் வீசிக் கருடனைப் பழக்கினார். "பெருமாளோட வாகனத்துக்கே சாப்பாடு போடுறேன், புண்ணியம்தான் லா" என்று பெருமை வேறு.

அன்று அவர்கள் வாசலில் இறங்கியதும் மாமா கொல்லைப்பக்கம் நின்று குடலைக் கூரையில் வீசினார். கருடன் வந்தது. வட்டமடித்த அதைப் பார்த்து எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தாயார் முகம் மலர்ந்து, தட்டை எடுத்து வரச் சொன்னார். அதற்குள் குடலைக் கவ்விய கருடன் எதிரே இருந்த கரண்டுக் கம்பத்தில் போய் உட்கார்ந்து இறக்கையை விரித்தது. இரண்டு கம்பிகளிலும் பட்டிருக்க வேண்டும். பட்டென்று ஒரு வெடி, பொறி. தாயாரின் காலடியில் வந்து விழுந்தது, வாயில் மீன் குடலோடு.

அந்த அம்மாள் மாமாவின் கையை மோந்து பார்க்காத குறைதான். "கருடனுக்கே தீனி போட்டு ஏமாத்துற குடும்பமா நீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாடகைக் காரில் ஏறிக்கொண்டார். வரிசை முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். பல நாள் கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

கருடனைத் தொட மாமாவுக்கே பயம். அக்காதான், உடுத்திய பட்டுச்சேலையோடு போய் அதை மஞ்சள் துணியில் சுற்றி, முருங்கை மரத்தடியில் புதைத்துப் பால் ஊற்றினாள்.

"எனக்காகவா வந்தே நீ?" என்று மண்ணைத் தடவித் தடவிக் கேட்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு.

அவமானத்தில் அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பயந்து, நான் அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.