கொழும்பு துண்டிக்கப்பட்ட காலை

எங்கள் நாட்டின் வடக்கில் உள்ள திருநெல்வேலியில், பலாலி வீதியோரம் ஒரு மாடி அறையில் நாங்கள் இரண்டு பேர் வேலை செய்கிறோம். நாங்கள் பராமரிக்கும் கணினிகள் கொழும்பிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும், மூன்று தரவு மையங்களில் ஓடுகின்றன. ஆய்வுகூடங்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை மூன்றும் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். ஒன்று துண்டிக்கப்பட்டால் மற்ற இரண்டும் தொடரும். தனித்துப்போனது புதிதாக எதையும் பதியாமல் நின்றுவிடும். அதுதான் ஏற்பாடு.

போன வருடம் ஒரு காலை எங்கோ கேபிள் அறுந்து கொழும்பு துண்டிக்கப்பட்டது. என்னோடு வேலை செய்யும் குருநகர்ப் பெண் பதறவில்லை. எனக்கோ வேறொரு பயம். முந்தைய வாரம் ஒரு சோதனைக்காக, தனித்துப்போனாலும் பதியலாம் என்று கொழும்புக் கணினிகளில் மாற்றிவைத்திருந்தேன். பிறகு பழையபடி ஆக்கினேனா? நினைவில்லை. ஆக்காவிட்டால் கொழும்பில் ஒரு பதிவேடும் மற்ற இடங்களில் வேறொன்றும் வளர்ந்துகொண்டிருக்கும். இணைப்பு இல்லாமல் கொழும்புக் கணினிகளுக்குள் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

அரைமணி நேரம் கழித்து அவளிடம் சொன்னேன்.

"ஏன் அண்ணை உந்த விசயத்தை முதலே சொல்லேல்லை?"

"நீர் என்ன நினைப்பீரோ எண்டு..."

"அது கிடக்கட்டும். பொறுங்கோ, கேட்டுப் பாப்பம்."

கொழும்பு மையத்தோடு நேரடி இணைப்பு வைத்திருந்த ஓர் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள். அங்கே பதிவு செய்பவர் உடுப்பிட்டிக்காரி.

"காலமையிலை இருந்து ஒண்டையும் பதியேலாமக் கிடக்கு! பேப்பரிலை எழுதி எழுதிக் கை முறியுது. என்ன வேலை பாக்கிறியள் நீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிய முடியவில்லை என்றால் கொழும்பு ஒழுங்காக நின்றுவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் ஏசமாட்டாரா என்றிருந்தது.

"சிரியாதேங்கோ அண்ணை, அவவுக்குக் கேக்கும்," என்றாள் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பின்னேரம் இணைப்பு வந்தது. விடுபட்டவற்றை எல்லாம் கொழும்பு மற்ற இரண்டிடமிருந்தும் வாங்கிக்கொண்டது. மூன்றும் பொருந்தின. கொழும்புக் கணினிகளில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பைத் திறந்து பார்த்தோம்: சோதனை முடிந்த அன்றே நான்தான் பழையபடி மாற்றியிருக்கிறேன். அது எனக்குத் துளியும் நினைவில்லாததுதான் பயமாக இருந்தது. நடந்ததை மேலிடத்துக்கு எழுதினேன். இப்போது அந்த மாற்றத்தை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் செய்யலாம்.

"இனி என்னைக் கேக்காமல் ஒண்டும் செய்யேலாது, என்ன?" என்றாள்.

"ஓம்," என்றேன். மனம் லேசாகிவிட்டது.

இணுவிலுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போதுதான் பசி தெரிந்தது. மத்தியானம் சாப்பிடவே இல்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, நின்றபடியே இரண்டு றோல்ஸ் சாப்பிட்டேன்.