பூச்சி வராத கீரை

என் தோட்டத்துக் கீரையில் ஒரு ஓட்டை விழுந்ததில்லை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யூரியா கிடையாது, மருந்து கிடையாது, வெறும் சாணமும் வேப்பம்புண்ணாக்கும்தான். பக்கத்து ஊர் பங்காருபேட்டையில் என் அண்ணன் குத்தகை நிலத்தில் மூட்டை மூட்டையாக யூரியா போடுவார். அவர் கீரை கொண்டுவந்தால், "இந்த விஷத்த நீங்களே துன்னுங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். அவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு.

நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் இன்னும் மூடாத வருஷங்கள் அவை. மனைவிக்கு ஏழாவது மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. ஷிப்ட் முடிந்து வந்ததும் நானே கீரை பறித்துத் தருவேன். கடைக் காய் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன்.

சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சயனைட் மேடு. சயனைட் போட்டுத் தங்கம் எடுத்தபின் கொட்டிய கல்தூள், குன்று உயரத்துக்கு. காற்றடித்தால் காயப்போட்ட துணியெல்லாம் தூள் படிந்து வெளுத்துவிடும். வீடு கட்டுகிறவர்களும் தரை போடுகிறவர்களும் அந்த மணலைத்தான் அள்ளிப்போவார்கள். எங்கள் செம்மண் காய்ந்தால் கடப்பாரை இறங்காது. அதை இளக்க, கல்யாணமான வருஷமே இரண்டு வண்டி மேட்டு மணல் கலந்து பாத்தி கட்டினேன்.

"இன்னாங்க இது, நம்ம பாத்தியில ஒரு எறும்புகூட காணோமே" என்றாள் மனைவி ஒருநாள்.

போய்க் கிளறினேன். மண்புழு இல்லை. இலைக்கு அடியில் ஒரு முட்டை இல்லை. பக்கத்து வீட்டு வேலிவரைக்கும் வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, பிறகு திரும்பிப் போயின. கீரை மட்டும் தளதளவென்று நின்றது. புண்ணாக்கு வேலை செய்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மனசு அடங்கவில்லை. அடுத்த தெருக்காரர் ஒருவர் சுரங்கத்து ஆய்வுக்கூடத்தில் கல்லைப் பரிசோதிப்பவர். வெட்கத்தை விட்டு அண்ணனிடம் ஒரு கட்டு வாங்கி, என் கட்டையும் சேர்த்து அவரிடம் கொடுத்தேன். சில நாள் கழித்து வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரெண்டையும் காய வெச்சு, கரைச்சுப் பாத்தேன் சார். உங்க அண்ணன் கீரையில தண்ணி ஜாஸ்தி, சத்து கொஞ்சம் கம்மி. வேற ஒண்ணும் இல்ல. உங்களுதுல சத்து நல்லாத்தான் இருக்குது. கூடவே ஆர்சனிக்கும் இருக்குது. கல்லுல இருந்து வர்ற விஷம் அது. மேட்டு மணல் போட்டீங்களா? எவ்ளோ சாணம் கொட்னாலும் அது போவாது."

அவர் போனதும் பாத்திக்கு ஓடி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினேன். அண்ணன் கீரையை விஷம் என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. வேரிலிருந்து சாம்பல் மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது.

மகள் பிறகு நல்லபடியாகத்தான் பிறந்தாள். ஆனால் கீரையைப் பிடுங்கிய அன்று மனைவி அழவில்லை, திட்டவுமில்லை. பாத்திக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த மண்ணைப் பார்த்தாள்.

"முன்ன ரெண்டு தடவ கலைஞ்சுதே. அப்பவும் இந்தக் கீரையத்தான பறிச்சிக் குட்த்தீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.