அளவு சரி, மாத்திரை எதற்கு?

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உதிரிபாகத்தை கேஜ் என்கிற அளவுக்கருவியில் வைத்துப் பார்ப்பேன். அளவு சரியாக இருந்தால் பாஸ். மயிரிழை மாறினாலும் ரிஜெக்ட். எதிரே நிற்பவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் என்னிடம் பருப்பு வேகாது.

அந்தத் திமிரை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பிரஷர் இருக்கிறது என்று சொல்லி தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நானே ஒரு பிரஷர் மெஷின் வாங்கினேன். காலையில் கையில் கட்டிப் பார்ப்பேன். அளவு சரியாக இருந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. சரியாக இருக்கிற பாகத்தை எவனாவது மறுபடி அரத்தால் ராவுவானா? போகப் போக மெஷினையும் பரண்மேல் போட்டுவிட்டேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எனக்கென்ன கேடு! "டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "நீ கேஜ் பிடிச்சிருக்கியா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

அதோடு விட்டேனா? பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் என்கூட நடக்க வரும் நண்பனுக்கும் இதே பாடத்தை நடத்தினேன். அவன் அந்த ஊர்ப் பழைய குடும்பத்துக்காரன். என் பிரிவிலேயே எனக்குக் கீழே வேலை பார்த்தவன். அவனுக்கும் பிரஷர் உண்டு. நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

பிறகு எனக்கு மறதி வந்தது. வயசானால் வராதா என்று சமாளித்தேன். அம்பத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். ஒருநாள் அம்பத்தூருக்கு முந்தின திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலேயே இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன். போனில் சொன்னதும் ஓடிவந்த மகளை, "ரயிலை ஏன் இங்க நிறுத்தறானுங்க?" என்று பிளாட்பாரத்திலேயே கத்தினேன். மறுநாளே அவளும் மனைவியுமாக என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள்.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முறைத்துக்கொண்டே பேனாவை வாங்கினேன். எண்களெல்லாம் ஒரே பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முள்ளை எங்கே போடுவது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெட்கத்தில் எனக்கு உடம்பே எரிந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள்; நான் மாத்திரையை நிறுத்திய கதையையும் கேட்டுக்கொண்டார்கள்.

"மாத்திரை போட்டதாலதான் சார் உங்க அளவு சரியா இருந்துச்சு," என்றார் டாக்டர். "நிறுத்தினதும் ஏறியிருக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. வருஷக்கணக்குல அப்படியே இருந்தா மூளைல இருக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாயெல்லாம் கெட்டுப்போகும். ஸ்கேன்ல அதுதான் தெரியுது. போனதை முழுசா மீட்க முடியாது. இன்னும் போகாம பாத்துக்கலாம்."

'நான் அப்பவே சொன்னேனே' என்று மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

அடுத்த முறை ஏரிக்கரையில் பார்த்தபோது நண்பன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். "உன் பேச்சக் கேட்டு நானும் மாத்திரைய உட்டுட்டேன் அண்ணாத்தே. சும்மா கல்லு மாதிரி கீறேன்!"

மாத்திரையைப் போடுடா என்று சொல்லவேண்டும். ஏன் என்று கேட்பானே? என் மூளை பழுதாகிவிட்டது என்று சொல்லவேண்டும். யாரிடம்? "உனக்கு மூளை இருக்காடா?" என்று மொத்தப் பிரிவின் முன்னால் எத்தனையோ தடவை நான் திட்டியவனிடம். ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எதையோ பேசிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். சோறு இறங்கவில்லை. என் வீம்புக்கு அவனும் என்னைப்போல ஆகவேண்டுமா? சீ, நானும் ஒரு மனிதனா என்றிருந்தது.

கடைசியில் ஒருநாள் காலை, வந்தது வரட்டும் என்று அவனைப் பிடித்துக் கரையோர பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"டேய், நான் சொல்றதை ஒழுங்கா கேளு. மாத்திரையை நிறுத்துன்னு சொன்னது என் தப்பு. எனக்கு மூளை கெட்டுப்போச்சு. ஒரு கடிகாரம் வரையத் தெரியலடா எனக்கு. நீ இன்னைக்கே போய் டாக்டரைப் பாரு."

அவன் அதிர்ந்து போவான் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என் முழங்காலில் கையை வைத்தான்.

"பாத்துட்டேன் அண்ணாத்தே. மாத்திர போட்டுகினுதான் கீறேன்."

"எப்பலேர்ந்துடா?"

"நீ மொத வாட்டி சொன்னியே, அன்னிலேர்ந்து."

"மொத வாட்டியா?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தெனிக்கும் இதே பெஞ்சுல இதயேதான் சொல்ற அண்ணாத்தே. பரவால்ல, நீ சொல்லு. நான் கேக்கறேன்."