அரக்கிக்குப் பாட்டு வருமா?

அரக்கிக்குப் பாட்டு வருமா வராதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க எங்கள் வீட்டில் சண்டை நடந்தது. சண்டை போட்டவர்களில் ஒருவன் வனதேவன், ஒருவன் குள்ளன், ஒருத்தி அரக்கி. அரக்கி நான்தான். எனக்கு அப்போது பதினோரு வயது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா எங்களுக்கு ஒரு விளையாட்டு நடத்துவார். ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அது எந்த இனத்தில் பிறந்தது, என்ன வித்தை கற்றது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு அவர் கதை சொல்லச் சொல்ல, கதவை உடைக்கிறேன், கூரைமேல் ஏறுகிறேன் என்று நாங்கள் சொல்வோம். கதவு உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும்; விழுகிற எண்ணோடு அந்தந்த இனத்துக்கு உண்டான ப்ளஸ், மைனஸைச் சேர்த்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் கிடையாது, டிவி கிடையாது, சித்தப்பாவின் வாயும் அந்தப் பகடையும்தான். அது சோபாவுக்கு அடியில் ஓடிவிடாமல் இருக்க அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளத்தில் உருட்டுவோம். அந்தச் சத்தத்துக்கு அம்மா சமையலறையிலிருந்து திட்டாத ஞாயிறே இல்லை.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர், அதாவது மற்றவர்கள் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. அதற்குப் போய்ச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று அம்மாவுக்குத் தீராத ஆச்சரியம். எனக்கோ அவரைவிடப் பெரிய மனிதர் இந்த ஊரிலேயே கிடையாது. அவர் சூனியக்காரியாகப் பேசினால் என் தம்பி பயந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துவிடுவான். அதே வாயால் அடுத்த நிமிடம் ஒரு சோம்பேறி ராஜாவாகக் கொட்டாவி விட்டுச் சிரிக்க வைப்பார். எல்லாவற்றையும்விட, சின்னப் பிள்ளைகள்தானே என்று எதையும் ஏனோதானோ என்று செய்யமாட்டார். நாங்கள் ஒரு கேள்வி கேட்டால் நிஜமாகவே உட்கார்ந்து யோசிப்பார். அப்படி யோசித்த வேறு பெரியவர் யாரையும் எனக்கு அப்போது தெரியாது.

இப்போது எங்கள் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மா வீட்டார் தலைமுறை தலைமுறையாகச் சர்ச் கொயரில் பாடுகிறவர்கள். அந்த வீட்டில் குழந்தை அழுவதுகூடச் சுருதியோடுதான் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அப்பா வீட்டார் பேசினாலே எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். அப்பாவுக்கு டூ-வீலர் ரிப்பேர் கடை. ஓடுகிற இன்ஜினுக்கு மேலே பேசிப் பேசி அந்தத் தொண்டை வந்ததா, இல்லை அந்தத் தொண்டை இருந்ததால் அந்தத் தொழிலுக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. யாருக்கு எது வரும், எது வராது என்பதில் சொந்தக்காரர்கள் யாருக்கும் சந்தேகமே கிடையாது. தம்பி ஒழுங்காகப் பாடினால் அது அம்மா வீட்டு ரத்தம். நான் கதவை அறைந்து சாத்தினால் அது அப்பா வீட்டு ரத்தம். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும், "அப்படியே அவங்க அப்பாவை உரிச்சு வெச்சிருக்கா" என்பார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் ஓடும். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

சண்டே ஸ்கூல் கொயரை நடத்தியவர் பெரியம்மா, அம்மாவின் அக்கா. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு ஒத்திகை தொடங்கியபோது நான் ஆசை ஆசையாகப் போய் நின்றேன். ஒரு வரிதான் பாடியிருப்பேன். பெரியம்மா என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "கண்ணு, உனக்கு உங்க அப்பா வீட்டுத் தொண்டை. நீ வாயை மட்டும் அசை, போதும். பாக்கறவங்களுக்குத் தெரியாது." திட்டியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். தலையைத் தடவிக்கொண்டே சொன்னதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு வாரம் வாயை அசைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல அசிங்கமாக இருந்தது.

இந்த நிலையில்தான் சித்தப்பா புதுக் கதை ஆரம்பித்தார், புதுப் பாத்திரம் எடுக்கச் சொன்னார். பெரியம்மா மகன் அண்ணன், என்னைவிட மூன்று வயது பெரியவன், வழக்கம்போல வனதேவன். அவன்தான் கொயரில் தனியாகப் பாடுகிறவன். தம்பி குள்ளன், ஏனென்றால் குள்ளருக்கு இருட்டில் கண் தெரியும். நான் அரக்கி என்றேன். சரி, வாளா கோடரியா என்று கேட்டார் சித்தப்பா. பாட்டு என்றேன். அந்த உலகத்தில் பாட்டும் ஒரு மந்திர வித்தை. பாடியே காயத்தை ஆற்றலாம், பயத்தைப் போக்கலாம்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அரக்கியா? பாட்டா? ரூல்ஸ் பாரு. அரக்கருக்கு வலிமை ப்ளஸ் மூணு, வசீகரம் மைனஸ் மூணு. பாட்டு வசீகரத்துலதான் ஓடுது. நீ பாடினா ஆடு மாடெல்லாம் ஓடிரும்."

"ரூல்ஸ் எழுதினவன் அரக்கியைப் பாத்தானா?"

"ஏய், சும்னே இரு. பொறப்புலயே அப்படின்னா அப்படித்தான்."

அவன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அன்று அவன் பேசியதில் நியாயம் இல்லை என்று இப்போது சொல்லமாட்டேன். எல்லா இனத்துக்கும் எல்லாமே வரும் என்றால் இனம் என்று ஒன்று எதற்கு, எல்லோரும் முகமூடி போட்ட மனிதர்கள் ஆகிவிடமாட்டார்களா என்று கேட்டான். தம்பியும் அவன் பக்கம் சாய்ந்தான். எல்லோருக்கும் இருட்டில் கண் தெரிந்துவிட்டால் தன்னை யார் கூப்பிடுவார்கள் என்பது அவன் கவலை. சித்தப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடாது என்று நினைத்து நினைத்துக் கடைசியில் கத்திவிட்டேன்.

"விளையாட்டுலயும் நான் வாயை மட்டும்தான் அசைக்கணுமா?"

யார் அப்படிச் சொன்னது என்று சித்தப்பா கேட்டார். சொன்னேன். அண்ணன் தன் அம்மாவின் பெயர் அடிபட்டதும் தரையைப் பார்த்துக்கொண்டான். சித்தப்பா பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார், போடவில்லை.

"உனக்குமா?" என்றார்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தேன். அந்த ஒரு வார்த்தை என் காதில் விழுந்ததோடு சரி.

டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனார். ஒரு டீக்கு ஆகிற நேரத்தைவிட நிறைய நேரம் ஆயிற்று. திரும்பி வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து, நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமினார். அப்போது அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. இப்போது நானே ஒரு கூட்டத்துக்கு இந்த ஆட்டத்தை நடத்துகிறேன், அவருடைய விதிதான் அங்கேயும் நடக்கிறது.

"மைனஸ் மூணை நான் அழிக்கமாட்டேன். அழிச்சா அரக்கிக்கு அர்த்தமே இல்ல, அண்ணன் சொல்றது கரெக்ட். ஆனா அது யாருக்கு மைனஸ்? மொதத் தடவை கேக்கறவங்களுக்கு. அரக்கி வாயைத் தொறந்தா பயந்து ஒரு அடி பின்னால போவாங்க. போகட்டும். ஓடாம நின்னு கேட்டவங்களுக்கு மைனஸ் கிடையாது. அப்புறம் இன்னொண்ணு, வனதேவன் மாதிரி பாடவே முடியாது. முயற்சி பண்ணா இன்னும் ரெண்டு மைனஸ். அரக்கி அரக்கி மாதிரிதான் பாடணும்."

"அரக்கி மாதிரின்னா எப்படி?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? ஆடித்தான் பாக்கணும்."

ஆடிப் பார்த்தோம். ஒரு சுரங்கம் இடிந்து ஊர்க்காரர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நடுவில் பெரிய பாறை. உள்ளே கும்மிருட்டு, வழி தெரியாமல் ஆளுக்கொரு திசையில் அலைகிறார்கள். தம்பியின் குள்ளன் இருட்டில் தடவி ஒரு விரிசலைக் கண்டுபிடித்தான். அண்ணனின் வனதேவன் பாடினான், பகடையில் பத்தொன்பது. அருமையான பாட்டு, வெளியே நின்றவர்கள் கண்ணீர் விட்டார்கள். பாறையைத் தாண்டி ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை என்றார் சித்தப்பா. என் முறை வந்தது. பகடையை எடுக்கப் போனேன். அவர் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாடு."

"இங்கயா?"

"உள்ள முப்பது பேர் இருக்காங்க. சீக்கிரம்."

பாடினேன். சர்ச்சில் வாயை அசைத்துக்கொண்டிருந்த அதே பாட்டை, வயிற்றிலிருந்து எடுத்து, முழுத் தொண்டையில். ஐயோ, என்ன சத்தம்! எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு, பொத்தியது போதாமல் வாயையும் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, பாறைக்கு உள்ளே முதலில் எல்லோரும் பயந்து பின்வாங்குகிறார்கள் என்று சொன்னார். பிறகு ஒரு பெண் நிற்கிறாள் என்றார். இன்னொருவன் நிற்கிறான். சத்தம் வருகிற திசையில் நடக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் சரணம் முடிவதற்குள் முப்பது பேரும் விரிசல் வழியாக வெளியே வந்துவிட்டார்கள்.

"இது சீட்டிங்," என்றான் அண்ணன். "இவளுக்காகவே பாறையை வெச்சீங்க."

"ஆமா. போன கதையில உனக்காகவே கண்ணாடிப் பாலம் வெச்சேன். அப்ப கேட்டியா?"

அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தான். அவனிடம் ஒரு நல்ல குணம் உண்டு, தோற்றால் ஒத்துக்கொள்வான். "சக்கத்தா இருந்துச்சுடி, ஆனா," என்றான். சக்கத்தா என்றால் எங்கள் ஊரில் பிரமாதம். ஆனா என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை.

அன்றைக்கே ஒரு முடிவு செய்துவிட்டேன். கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் நான் பாடப்போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை, சித்தப்பாவிடம் மட்டும் சொன்னேன். நல்லது என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. "பயந்து பின்னால போவாங்க. நிறுத்திராத," என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சாயங்காலம் சர்ச் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் வெள்ளை உடுப்பில் நான். முதல் வரியிலேயே ஆரம்பித்துவிட்டேன். முன்வரிசையில் இரண்டு தலை சட்டென்று திரும்பியது. பெரியம்மாவின் கை காற்றில் அப்படியே நின்றது. அவர் கண்ணைப் பார்த்ததும் ஓடிவிடலாமா என்று தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். மைனஸ் மூணு, மைனஸ் மூணு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிறுத்தாமல் பாடினேன். இரண்டாம் சரணத்தில் பெரியம்மா என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினார். குறைத்துப் பாடு என்று அர்த்தம். வாயை அசை என்று காட்டவில்லை! குறைத்தேன். மற்றவர்கள் குரலுக்கு அடியில் என் குரல் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியம்மா வேறு பக்கம் திரும்பி மற்றவர்களுக்குக் கை காட்ட ஆரம்பித்தார். அதற்கு மேல் எனக்கு எந்தக் கிரீடமும் வேண்டியிருக்கவில்லை.

கடைசிச் சரணம் சபையார் எல்லோரும் எழுந்து சேர்ந்து பாடுவது வழக்கம். எழுந்தார்கள். அப்போது ஆண்கள் பக்கத்தின் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அடேயப்பா! என்னுடையது அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. சுருதிக்கு அந்தப் பக்கம், தாளத்துக்கு அரை அடி பின்னால், சரளைக்கல் லாரி மேடு ஏறுவது போல ஒரு குரல். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் முடித்த பிறகும் கடைசி ஆமென் அவருக்குப் பாக்கி இருந்தது. அதையும் விடாமல் பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன மனுஷன்! என்னைப் பார்க்கிற கண்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்வதற்காக இப்படிச் செய்திருக்கிறாரே, வேறு யாருடைய சித்தப்பா செய்வார் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே கேக்கும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். "சின்ன வயசுல இவனை கொயர்ல இருந்து அனுப்பினதுக்கு அப்புறம் இவன் பாடி நான் கேட்டதே இல்லடி," என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு அதையெல்லாம் நின்று கேட்க நேரம் ஏது? கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கேட் அருகில் தனியாக நின்ற சித்தப்பாவிடம் ஓடினேன்.

"சித்தப்பா, எனக்காகத்தானே பாடினீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. கரகரத்த குரலில், "ஆமாடா கண்ணு, உனக்காகத்தான்," என்றார்.

அவர் கையில் இருந்த டீ கப் நடுங்கி டீ தளும்பிக்கொண்டிருந்தது. கண்ணிலும் தண்ணீர் நின்றது. பெங்களூர் டிசம்பர், ஸ்வெட்டர்கூடப் போடாமல் வந்திருக்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் மப்ளரைக் கழற்றி, எம்பி, அவர் கழுத்தில் இறுக்கிச் சுற்றிவிட்டேன்.